சுவருக்குள் கேட்கும் ஓசையைப் புறக்கணிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில், வாகன நிறுத்தத்துக்கு மேல் நான்கு மாடிகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவன் நான். குடிநீர்த் தட்டுப்பாடு பற்றியும் கழிவுநீர்த் தேக்கம் பற்றியும் தங்கள் நாளிதழில் வாசகர்கள் அடிக்கடி எழுதுகிறார்கள். வீட்டுக் குழாய்களில் எழும் விநோத ஓசைகளைப் பற்றி எவரும் எழுதி நான் படித்ததில்லை. பழுது முற்றிச் சுவர் ஊறிப்போவதற்கு வெகுநாள் முன்பே குழாய் ஓசை எழுப்பத் தொடங்கிவிடுகிறது என்பதை அனுபவத்தில் அறிந்ததால் இதை எழுதுகிறேன்.

82 வயதான என் தாயார் படுத்திருக்கும் அறையின் சுவரை ஒட்டித்தான் மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும் குழாய் செல்கிறது. சென்ற ஆண்டு முழுவதும், நாள்தோறும் விடியற்காலையில் ஒரே ஒரு முறை, சம்மட்டியால் அடித்தாற்போல் 'டம்' என்று சுவர் அதிரும். அவர் பதறி எழுந்து உட்கார்ந்துகொள்வார். பிறகு தூக்கம் வராது. மேல் வீட்டார் எதையோ கீழே போடுகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். நாங்கள்தான் எதையோ இடிக்கிறோம் என்று அவர்கள் நினைத்தார்கள். பல ஆண்டுகள் நன்றாகப் பழகிய இரு குடும்பங்களுக்கிடையே இதனால் மனத்தாங்கல் வந்ததை எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு பிளம்பர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் குழாய்களுக்கெல்லாம் வாஷர் மாற்றினார். மற்றவர் சுவரில் கிளாம்ப் அடித்து இறுக்கினார். ஒரு வாரம் ஓசை சற்று அடங்கியிருந்து, மீண்டும் பழையபடியே ஆயிற்று.

அதன்பின் ஓசை கேட்கும் நேரத்தை நாட்காட்டித் தாளில் குறிக்கத் தொடங்கினேன். எட்டு நாள்களும் எட்டு வெவ்வேறு நேரங்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் தொட்டி நிறைந்து மோட்டார் தானாக நின்ற அடுத்த நொடியில்தான் ஓசை எழுந்திருந்தது. மறுநாள் கீழே மோட்டார் அறையில் நின்றுகொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் குழாயில் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்டேன். மோட்டார் நின்றதும் என் பல் அதிரும் அளவுக்கு அடி விழுந்தது. அது விழுந்த இடம், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு.

ஒன்றரை அங்குலக் குழாயில் 15 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் எடை ஏறக்குறைய 19 கிலோ. மோட்டார் நின்றதும் அந்த நீர்த்தூண் நொடிப்பொழுது தயங்கிவிட்டுக் கீழ்நோக்கித் திரும்புகிறது. வால்வின் உள்ளே இருக்கும் தகடு அதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும். எங்கள் வால்வின் கீல் தேய்ந்து தகடு தொங்கிக் கிடந்ததால், திரும்பி வந்த தண்ணீர்தான் அதை அறைந்து மூடியது. தண்ணீர் திரும்புவதற்குள் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வகை வால்வைப் பொருத்தினோம். மறுநாள் விடியற்காலை முதலே ஓசை நின்றது. மேல் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம்.

ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் எழும் என்பதை ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்களில் சோதித்து 1898ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால், 100 மீட்டர் உயரத் தொட்டி தரும் அழுத்தத்துக்கு மேலாகவே ஒரு கணம் எழுந்துவிடும். இன்றைய சிபிவிசி எனும் பிளாஸ்டிக் குழாய்களில் அது பாதிக்கும் குறைவுதான். ஆனாலும் பசை போட்டு ஒட்டிய எல்போ எனும் வளைவுகளும் இணைப்புகளும் அந்த அடியை நாள்தோறும் வாங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய திருகுக் குழாயைப் பல சுற்று திருகித்தான் மூட முடியும் என்பதால் தண்ணீர் மெல்ல நின்றது. கால் சுற்றில் மூடும் இன்றைய குழாய்களும், கண் இமைக்கும் நேரத்தில் மூடிக்கொள்ளும் வாஷிங் மெஷின் வால்வும் அப்படியல்ல. அவற்றோடு பிரஷர் பம்ப்பும் சேர்ந்துவிட்டால் அடி இன்னும் பலமாகும். இத்தகைய வீடுகளில் குழாயை நிதானமாக மூடும் பழக்கமும், பம்ப்பின் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் வைப்பதும் செலவில்லாத பரிகாரங்கள்.

காற்றினால் வரும் ஓசை வேறு. தொட்டி காலியாகி மீண்டும் நிறைந்த பின் குழாயைத் திறந்தால் 'புஸ் புஸ்' என்று காற்றும் தண்ணீரும் மாறி மாறித் தெறிப்பதைப் பலரும் கண்டிருப்பார்கள். குழாய்க்குள் சிக்கிய காற்று வெளியேறத்தான், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் நீர்மட்டத்துக்கு மேல் உயரும் ஏர் பைப் வைக்கிறார்கள். எங்கள் மொட்டை மாடியில், தொட்டி நிரம்பும்போது அதன் வழியே சொட்டியதைப் பார்த்துவிட்டு யாரோ அதற்கு மூடி போட்டு அடைத்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் இரண்டு குளியலறைகளில் தண்ணீர் வராமல் நாங்கள் பல மாதம் அவதிப்பட்டதற்கு அந்தச் சிறிய மூடியே காரணம்.

ஃப்ளஷ் டேங்க் ஓயாமல் சீறினால் உள்ளே தண்ணீர் ஒழுகுகிறது என்று பொருள். அதில் சில துளி சொட்டு நீலம் விட்டு, அரை மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், நீல நிறம் பீங்கானில் இறங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உப்புத் தண்ணீர் உள்ள பகுதிகளில் கீசர் கொதிக்கும் உலைபோல் இரைந்தால் அடியில் உப்புப் படிந்துவிட்டது என்று அறிந்து, தாமதமின்றி அதை நிறுத்திவிட்டு ஆள் அழைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதை மட்டும் நாமே திறந்து பார்ப்பது ஆபத்து.

இதில் அரசும் கட்டுமான நிறுவனங்களும் செய்ய வேண்டியவை உண்டு. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வேலைத்தரத்திலோ வசதிகளிலோ குறை தெரிவிக்கப்பட்டால், கட்டியவர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். இது பலருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிய வந்தபோது ஐந்தாண்டு கடந்துவிட்டது. அதே சட்டம் உரிய வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் ஒப்படைக்கச் சொல்கிறது. ஆனால் எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த வால்வு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் தாள் ஒன்றுகூட எங்கள் சங்கத்தின் கோப்பில் இல்லை. சாவியோடு குழாய் வரைபடத்தையும் தமிழில் குறிப்புகளுடன் தந்தாக வேண்டும் என்று கட்டட அனுமதி தரும் அமைப்புகள் வலியுறுத்த வேண்டுகிறேன். எங்கள் கட்டடத்துக்கு, மோட்டார் அறையில் தொடங்கி ஒவ்வொரு வால்வையும் தேடிக் கண்டுபிடித்து, நாங்களே ஒரு படம் வரைந்து வருகிறோம். இதுவரை 23 வால்வுகள் கிடைத்திருக்கின்றன. மூன்றாம் மாடியின் தண்ணீரைத் திறந்து அடைக்கும் ஒரு கேட் வால்வு மட்டும் டைல்ஸுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்க உறுப்பினர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை.