வசந்தா, அந்த டை பாக்கெட்டைப் பிரிக்காதே

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். என் முட்டி வலி அப்படியே இருக்கிறது, எழுத ஒன்றுமில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டதாக மாலதி சொன்னாள், சந்தோஷம். உன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இத்தனை பட்டமா? சுசீலா பார்த்தால் மறுபடியும் அந்தப் பழைய ரிப்பன் சண்டையை ஆரம்பித்துவிடுவாள், அவள் கண்ணில் காட்டாதே.

போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ சமையல்காரர் கதைக்குப் போய்விடுவாய். அன்றைக்கும் அப்படித்தான். "டை அடிச்சா காதுக்குப் பின்னால லேசா அரிக்குது, அது கிடக்கட்டும், கல்யாணத்துக்கு முந்தின நாள் நல்லா அடிச்சுக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாழைக்காய் விலைக்குத் தாவிவிட்டாய். எனக்கு அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் என் கண் கதையைக் கேள்.

பொங்கலுக்குப் பிறகு என் இரண்டு கண் இமையும் சிவந்து தடித்துப்போனது உனக்குத் தெரியும். காலையில் எழுந்தால் இமை ஓரம் செதில் செதிலாக உரியும், அரிப்பு தாங்காது. கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். பக்கத்து வீட்டம்மா கத்திரிக்காயை விடச் சொன்னார், என் நாத்தனார் கருவாட்டை விடச் சொன்னார், நீ சீரியலை விடச் சொன்னாய். எதற்கும் அடங்கவில்லை. கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். சின்னப் பெண், நம் மாணவிகள் வயசுதான் இருக்கும். கண்ணைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ன ஷாம்பு போடறீங்கம்மா?"

தலையில் அரிப்பே இல்லையே என்றேன். அதுதான் விஷயமாம். தலையின் தோல் தடிமனானது, நிறையத் தாங்கும். அலசும்போது நுரை நெற்றி வழியாக இமைக்கும், காது மடலுக்கும், கழுத்தின் இரண்டு பக்கத்துக்கும் இறங்குகிறது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். அதனால் தலையில் போட்ட பொருளுக்கு இமை அழுகிறது. நகப்பூச்சு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் பல சமயம் விரல் சும்மா இருக்க இமைதான் வீங்குமாம், கையால் கண்ணைத் தொடுவதால்.

பிறகு எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க பேட்ச் டெஸ்ட் செய்தாள். முதுகில் வரிசை வரிசையாகச் சின்னக் கிண்ணங்களை ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக் கூடாது. கரூரில் வியர்க்காமல் இருப்பதாம்! நல்லவேளை, மாசி மாதம். எடுத்தவுடன் ஒருமுறை பார்த்தாள், இரண்டு நாள் கழித்து மறுபடி வரச் சொன்னாள். இந்த ஜாதி ஒவ்வாமை நிதானமாகத்தான் கிளம்புமாம். ஒரே ஒரு இடம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. மெத்தில்ஐசோதயசோலினோன். பெயரைக் கேட்டதும் எனக்குப் பழைய ஆசிரியைப் புத்தி வந்து, தாளை வாங்கிக் கட்டமைப்பை வரைந்து காட்டச் சொன்னேன். பாவம், அவள் சிரித்துவிட்டாள்.

இது என்ன என்கிறாயா? ஷாம்பு கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள். இதன் கதைதான் எனக்குப் பிடிபட்டதிலிருந்து யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இவர் ஓடி ஒளிகிறார். முன்பெல்லாம் பாராபென் என்ற பொருளைத்தான் போட்டார்கள். 2004-ல் ஓர் ஆய்வு, மார்பகக் கட்டித் திசுவில் பாராபென் இருந்ததாகச் சொன்னது. அதனால்தான் கட்டி வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் ஜனங்கள் பயந்தார்கள், கம்பெனிகள் 'பாராபென் இல்லை' என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அடித்தார்கள். தண்ணீர் இருக்கிற பாட்டிலில் கிருமி வளராமல் இருக்க ஏதாவது வேண்டுமே, அந்த இடத்தில் மற்றவற்றோடு இதுவும் வந்து உட்கார்ந்தது. ஐரோப்பாவில் 2005-லிருந்து இதைத் தனியாகவே பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை சேர்க்கலாம் என்று விட்டார்கள். சில வருஷத்திலேயே தோல் ஆஸ்பத்திரிகளில் கூட்டம். 2013-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமைச் சங்கம் இதை அந்த வருஷத்தின் ஒவ்வாமைப் பொருள் என்று அறிவித்தது. 2017-ல் ஐரோப்பா, பூசிவிட்டு அப்படியே விடும் கிரீம்களில் இதைத் தடை செய்தது. ஷாம்புபோல் கழுவிவிடுவதில் பதினைந்து பங்குக்கு மேல் கூடாது என்றும் குறைத்தார்கள். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே சங்கம் 2019-ல் பாராபெனைக் கூப்பிட்டு 'இந்த வருஷத்தின் ஒவ்வாமை தராத பொருள்' என்று பட்டம் கொடுத்தது! நம் ஹாஸ்டலில் பாவம் பரமேஸ்வரியைத் துரத்திவிட்டு, வார்டன் அம்மா அவளைவிட மோசமான ஒருத்தியைக் கொண்டுவந்தாரே, நினைத்துப் பார். அதே கதை.

என் ஷாம்பு பாட்டிலின் முன்பக்கத்தில் வேப்பிலை, கற்றாழை, நெல்லிக்காய் எல்லாம் படமாக இருக்கிறது. பின்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினால் கடைசி வரிக்கு முந்தின வரியில் இவன் இருக்கிறான். ஏன் அவ்வளவு பொடி எழுத்தில் போடுகிறார்கள்? ஷாம்பு வாங்குகிற வீட்டில் பாதிப் பேருக்கு வெள்ளெழுத்து. எனக்கு வருகிற கோபத்துக்கு...

சரி, விடு. நீ உடனே 'சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வாங்கு' என்பாய், மாலதியும் அதைத்தான் சொன்னாள். இங்கேதான் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. ஷாம்புவில் அழுக்கெடுத்து நுரை தருகிற சோடியம் லாரில் சல்ஃபேட் எரிச்சல்காரன். போதுமான அளவு, போதுமான நேரம் பட்டால் யார் தோலையும் வறட்டிவிடும். தோலுக்கு எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டுமென்றே பூசுவது இதைத்தான். லாரெத் சல்ஃபேட் கொஞ்சம் சாது. ஆனால் இரண்டும் நிமிஷத்தில் கழுவிவிடுகிற பொருள், எண்ணெய் வைத்த தலைக்கு அது பெரிய துரோகம் ஒன்றும் செய்வதில்லை. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உனக்குத் தெரியும், குடத்தில் வெள்ளையாகப் படியும். இந்த மாதிரிக் கடினத் தண்ணீரில் கழுவினால் இந்தச் சல்ஃபேட் தோலில் கூடுதலாகத் தங்கி எரிச்சலும் கூடுகிறது என்று இங்கிலாந்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி காவிரித் தண்ணீர் எடுத்து வைக்கிறேன். ஷாம்பு மாற்றுவதைவிட இது பலன் தருகிறது என்பது என் கட்சி.

ஒவ்வாமை அப்படியில்லை. நூறு பேர் போட்டால் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு ஒன்றும் ஆகாது. ஆனவருக்கு ஒரு துளி போதும், உடம்பு ஆயுசுக்கும் மறக்காது. சல்ஃபேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதிகம் போடுகிற கோகாமிடோப்ரொபைல் பீட்டைன் தேங்காய் எண்ணெயிலிருந்து வருவதுதான், குழந்தை ஷாம்புவில்கூட இருக்கும். 2004-ல் ஒவ்வாமைப் பட்டம் அதற்குத்தான்! அதைத் தயாரிக்கும்போது மிச்சம் தங்கும் அமீன்கள்தான் பெரும்பாலும் குற்றவாளி. வாசனை இன்னும் மோசம். ஐரோப்பாவில் 26 வாசனைப் பொருள்களை, குறிப்பிட்ட அளவு தாண்டினால் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று 2005-லேயே வைத்துவிட்டார்கள். இங்கே 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை பேர் வேண்டுமானாலும் குடியிருக்கலாம்.

நான் இப்போது சீயக்காய்க்கு மாறியிருக்கிறேன். உடனே பாரம்பரியம் என்று ஆரம்பிக்காதே. சீயக்காயில் இருப்பதும் நுரைக்கிற சப்போனின்தான், கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஹாஸ்டல் வெள்ளிக்கிழமைகளைக் கேள். என் கணக்கு வேறு. காய்ந்த பொடிக்குக் கெடாமல் இருக்க மருந்து தேவையில்லை, மில்லில் நானே நின்று அரைத்து வாங்குகிறேன், வாசனையும் கிடையாது. அவ்வளவுதான். இதை எழுதும்போது கடலூர்க்காரர்களின் வெல்வெட் ஷாம்பு பாக்கெட் ஒன்றை நாம் மூன்று பேர் பங்கு போட்டது ஞாபகம் வருகிறது. உன் தலைக்கு மட்டும் எப்போதும் பாதிப் பாக்கெட் போகும். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது உன் விஷயம். தயவுசெய்து இதை இரண்டு தடவை படி.

கறுப்பு டையில் பாராஃபினைலின்டையமின் என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாக பிபிடி. மிகச் சின்ன மூலக்கூறு, அதனால் முடிக்குள் புகுந்துவிடும். கூடக் கலக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு அதை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய கறுப்பு மூலக்கூறாக்கும், பிறகு அது வெளியே வர முடியாது. அதுதான் டை. ஆனால் இணைவதற்கு முன்னால் கொஞ்சம் தோலுக்குள்ளும் போகிறது, அங்கே புரதத்தோடு ஒட்டிக்கொண்டு உடம்பை உசுப்பிவிடுகிறது. முதலில் காதுக்குப் பின்னால் லேசான அரிப்பு, நெற்றியோரம் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான் இருக்கும். நீ சொன்னாயே, அதேதான். அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ முகமே வீங்கி, கண் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு என்று அந்த டாக்டர் பெண் படம் காட்டினாள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது வசந்தா.

அதுவும் அது உடனே வராது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் வரும். முந்தின நாள் அடித்தால் சரியாக முகூர்த்தத்துக்கு வீங்கும். தாரை வார்க்கும்போது பெண்ணின் அம்மா எங்கே என்று எல்லோரும் தேட வேண்டுமா?

'அம்மோனியா இல்லாததுதான் வாங்குகிறேன்' என்பாய். அம்மோனியா மூக்கில் ஏறுகிற சமாசாரம். அது இல்லாத டையிலும் பிபிடி தாராளமாக இருக்கும். 'ஹெர்பல் கறுப்பு மருதாணி' என்பாய். மருதாணி செம்மைதான் கொடுக்கும், கறுப்பு கொடுக்காது. பாக்கெட்டில் கறுப்பாகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே இவன்தான் இருப்பான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில், 48 மணி நேரம் முன்பே கொஞ்சம் தோலில் தடவிப் பாருங்கள் என்று இருக்கும். அது இதுவரை ஒன்றும் ஆகாதவர்களுக்கு. உனக்கு ஏற்கெனவே அரித்துவிட்டது, நீ வீட்டில் சோதனை எதுவும் செய்யாதே. தோல் டாக்டரிடம் போ, முதுகைக் காட்டு. டை வேண்டவே வேண்டாம் என்று அவர் சொன்னால், சுத்தமான மருதாணி ஒரு நாள், மறுநாள் அவுரி இலைப் பொடி என்று வழி இருக்கிறது. அதையும் அவரைக் கேட்டுவிட்டே செய். நீலமும் கறுப்புமாக வரும், கொஞ்சம் பொறுமை வேண்டும். சாயப்பட்டறை ஊரிலிருந்து சாயத்தைப் பற்றி எழுதுகிறேன், நம்பு. அல்லது நரையோடு நில். பட்டுப்புடவைக்கு நரை அழகாகத்தான் இருக்கும். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

இன்னொன்று, மணப்பெண் பார்லரில் முடியை நேராக்க கெராட்டின் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாய். பார்லரில் இஸ்திரி போடும்போது கண் எரிந்து, நம் விலங்கியல் ஆய்வகத் தவளை ஜாடி வாசனை அடித்தால் எழுந்து வெளியே வரச் சொல். அதே ஃபார்மலின்தான், அதாவது ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த தண்ணீர். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே உலக சுகாதார அமைப்பின் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்திவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று எழுதியிருந்த திரவங்களிலிருந்துகூட அந்த வாயு வருகிறது என்று 2011-ல் அமெரிக்க அரசின் தொழிலாளர் பாதுகாப்புத் துறை எச்சரிக்கை விட்டது. இப்போது அதற்குப் பதிலாகக் கிளையாக்சிலிக் அமிலம் போடுகிறார்கள். அதைப் போட்டுக்கொண்ட சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக இஸ்ரேலிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஜடை வைத்துப் பூ தைக்கப் போகிற தலைக்கு எதற்கடி நேராக்குவது? அவளுக்குச் சுருட்டை முடி உன் மாமியாரிடமிருந்து வந்தது, அது வேண்டுமானால் உனக்கு மன வருத்தமாக இருக்கலாம்.

அந்தப் பார்லர் பெண்ணின் கையையும் ஒருமுறை பார். நாள் முழுக்க ஈரம், நுரை, டை. தோல் வெடித்திருந்தால் நைட்ரைல் கையுறை வாங்கிக் கொடு, மொய் கணக்கில் எழுதிக்கொள்.

பொருள்களின் பெயரை ஆங்கில எழுத்தில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். நீ வாங்கி வைத்திருக்கும் டை டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்பு, முன்பக்கத்து நடிகை எனக்குத் தேவையில்லை. டாக்டரிடம் எந்த நாளைக்கு நேரம் வாங்கினாய் என்றும் எழுது. நிச்சயம் வாங்கியிருக்க மாட்டாய், நான் மாலதியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவள் உன்னை இழுத்துக்கொண்டு போவாள்.

நானும் இவரும் இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறோம். எங்களுக்கு மாடியறை வேண்டாம், முட்டி ஏறாது. சுசீலாவோடு ஒரே அறையில் போட்டால் நான் பஸ் ஏறித் திரும்பிவிடுவேன்.

அன்புடன்,
பத்மா