எளப்புக்கும் ஓர் அளவு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

கொரோனாவுக்குப் பிறகு நெல்லைப் பக்கம் நிறைய வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. அதில் 97 என்று வந்துவிட்டால், "மூச்சு முட்டுது" என்கிற தாத்தாவை "ஒண்ணுமில்ல, படுங்க" என்று அடக்கிவிடுகிறோம். ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் வேறு, மூச்சு முட்டும் உணர்வு வேறு. உணர்வையும் அளக்க முடியும், அதற்கு ஓர் அட்டை போதும்.

ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் 1982-ல் வெளியிட்ட 0 முதல் 10 வரையிலான அளவுகோல்தான் அந்த அட்டை. 0 என்றால் சிரமமே இல்லை, 0.5 இருக்கிறதா இல்லையா என்கிற அளவு, 3 நடுத்தரம், 5 கடுமை, 7 மிகக் கடுமை, 10 உச்சம். ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் நடைச் சோதனையில் இதைக் காட்டி, நடக்கும் முன் ஒரு எண், நடந்து முடித்ததும் ஒரு எண் கேட்க வேண்டும். இரண்டாம் முறை கேட்கும்போது முதலில் சொன்ன எண்ணை நினைவூட்ட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அது பொருட்படுத்த வேண்டிய மாற்றம்.

கோளாறு வருவது கேட்கும் விதத்தில். பள்ளிக்கூட மார்க் போல நினைத்து 10 நல்லது என்று சொல்பவர்கள் உண்டு, ஆகவே எண்ணோடு சொல்லையும் வாசித்துக் காட்ட வேண்டும். உடன் வந்த மகன் பதில் சொன்னால் அது மகனின் எண். "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டால் பதிலை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி.

எல்லாவற்றையும்விடச் சிக்கல் நம் ஊர்ச் சொல்லில் இருக்கிறது. "எளைக்கு" என்று ஒருவர் சொன்னால் அது மூச்சாகவும் இருக்கலாம், வெறும் அசதியாகவும் இருக்கலாம். நெஞ்சிலா, காலிலா என்று பிரித்துக் கேட்டு, இரண்டுக்கும் தனித்தனி எண் எழுத வேண்டும். மூச்சுதான் என்றால் அடுத்த கேள்வி: வாங்குதா, இறுக்குதா, பத்தலையா? நெஞ்சை இறுக்குவது ஆஸ்துமாவில் அதிகம் கேட்கிற சொல். எவ்வளவு இழுத்தாலும் காற்று பத்தவில்லை என்பது தனி உணர்வு, உழைப்பால் மூச்சு வாங்குவது இன்னொன்று. மூன்றையும் "மூச்சுத்திணறல்" என்று சீட்டில் எழுதுவதால் பாதித் தகவல் போய்விடுகிறது.

அன்றாட வேலையை வைத்து மூச்சு வாங்குவதை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் எம்எம்ஆர்சி கேள்விகளிலும் கவனம் தேவை. நாள் முழுக்கச் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றும் அம்மா "எனக்கு மூச்சு வாங்காது" என்பார். நடந்தால்தானே வாங்கும்! ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் ஏறினால் எப்படி, சம வயதுக்காரரோடு சேர்ந்து நடக்க முடிகிறதா என்று கேட்டால்தான் உண்மை வரும்.

ஆய்வுக்கூடத்தில் இன்னும் நுட்பமாக அளக்கிறார்கள். வாய்க்குழாய் வழியாக மூச்சுவிடும்போது, சில முறை சொல்லாமல் வடிகட்டி சேர்த்துத் தடையைக் கூட்டுவார்கள், சில முறை சேர்க்க மாட்டார்கள். தடை இருந்ததா, எவ்வளவு நிச்சயம் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். சும்மா "இருந்தது" என்றே சொல்பவரைத் தடையில்லாத முறைகள் காட்டிக்கொடுத்துவிடும். இருக்கிற தடையில் ஏறத்தாழ கால் பங்கு கூடினால்தான் பொதுவாக ஆளுக்குத் தெரிகிறது. கைப்பையில் கால் கிலோ கூடினால் தெரியும், அரிசி மூட்டையில் தெரியாது. மூச்சுக்குழாய் ஏற்கெனவே சுருங்கியவருக்கு மேலும் சுருங்குவது தெரியாமல் போவதும் அதனால்தான். உயிர் போகும் நிலைக்குப் போய்ப் பிழைத்த ஆஸ்துமாக்காரர்களிடம் இந்த உணர்வு மழுங்கியிருந்ததை ஜப்பானில் செய்து 1994-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மூக்கில் துணி கட்டி வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள், ஊதும் காற்றின் உச்ச வேகத்தை முள்ளால் காட்டும் பீக் ஃப்ளோ மீட்டர் என்கிற சிறு கருவியில் வேறு விதமாகச் செய்யலாம். ஊதும் முன் எவ்வளவு வரும் என்று நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதுங்கள். பிறகு முள்ளைக் கீழே இறக்கி, எழுந்து நின்று, முழு மூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி ஒரே வீச்சில் ஊதுங்கள். மூன்று முறை ஊதி, கூடுதலானதைக் குறியுங்கள். நாக்கு குழாயை அடைத்தாலும், விரல் முள்ளைத் தொட்டாலும் எண் குறையும். காலை, மாலை என்று இரண்டு வாரம் எழுதினால் போதும். மீட்டர், நீங்கள் நன்றாக இருக்கும்போது ஊதிய சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கியும் நீங்கள் எழுதிய ஊகம் இறங்காமலே இருந்தால், உங்கள் உணர்வு உங்களை எச்சரிக்காது. அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஊகம் மட்டும் அடிக்கடி இறங்கி மீட்டர் இறங்காவிட்டால் அதையும் காட்டுங்கள், பதற்றமோ வேறு காரணமோ இருக்கலாம்.

ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாதவரிடம் எண் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் பையில் இந்த அட்டையும் ஒன்று இருக்கட்டும். அதில் "வாங்குது, இறுக்குது, பத்தல" என்று நெல்லைப் பேச்சிலேயே அச்சிட வேண்டும் என மாவட்ட சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மூச்சுப் பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
பாளையங்கோட்டை.