பாட் சம்மிட்டின் 38 ஆண்டுகள்: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்ததைப் பாதி மகிழ்ச்சியோடும் பாதிக் கவலையோடும் எழுதியிருந்தாய். சம்பளம் கைக்கும் வாய்க்கும் போதவில்லை, எல்லா வேலையும் தன் தலையில்தான் விழுகிறது, ஆட்டம் பார்க்க ஆளே வருவதில்லை என்று அவள் சோர்ந்திருப்பதைப் படித்ததும் எனக்கு அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் சம்மிட்டின் நினைவுதான் வந்தது. அவர் வாங்கிய கோப்பைகளைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம். அவருடைய தொடக்க காலத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஆகையால் அதையே எழுதுகிறேன்.

1974-இல் டென்னசி பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே அணிக்கு உதவலாம் என்று வந்தவர் அவர். இருந்த பயிற்சியாளர் விலகிவிட, 22 வயதில் அணி முழுவதும் அவர் கைக்கு வந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். ஆட்டக்காரிகளின் சீருடைகள் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியவை. அவற்றைத் துவைத்துக் காயப்போட்டவரும் அவரே, வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டியவரும் அவரே. ஒருமுறை தங்குவதற்கு விடுதி இல்லாமல், எதிரணியின் விளையாட்டுக் கூடத்திலேயே பாய் விரித்து எல்லோரும் இரவைக் கழித்திருக்கிறார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் ஒரே ஒரு புள்ளியில், 84-83 என்று தோற்றார். இதை மகளிடம் கட்டாயம் சொல்.

இத்தனைக்கும் அப்போது அவர் தானும் ஒரு ஆட்டக்காரி. முழங்கால் காயத்திலிருந்து மீண்டு, பகலில் பாடம், மாலையில் அணி, மிச்ச நேரத்தில் தன் பயிற்சி என்று இரண்டு ஆண்டுகள் உழைத்து, பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1976 மாண்ட்ரியால் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது. மாடு கறந்தும் வைக்கோல் அள்ளியும் வளர்ந்த பண்ணை வீட்டுப் பெண் அவர். இருந்த ஊர்ப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்பதற்காக, அவர் ஆடவேண்டும் என்று குடும்பமே பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தது. உழைப்புக்கு அஞ்சாத குணம் அங்கேயே வந்திருக்க வேண்டும்.

முதல் தேசியப் பட்டம் கைக்கு வந்தது 1987-இல்தான். அதாவது 13 ஆண்டுகள் காத்திருந்தார். பிறகு மொத்தம் எட்டுப் பட்டங்கள். 1997-98 பருவத்தில் 39 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோல்வியில்லை. 38 ஆண்டுகளில் 1,098 வெற்றிகள், 208 தோல்விகள். ஆனால் என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த பெண்களில் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம் பெறாமல் போனவர் ஒருவர்கூட இல்லை. வகுப்பைத் தவறவிடக் கூடாது, முதல் மூன்று வரிசைகளில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. ஆடத் தெரிந்தவளைப் படிக்கவும் வைத்துக் கரையேற்றிய இந்தக் காரியத்தைக் கோப்பைகளுக்கும் மேலாக நான் மதிக்கிறேன். அவருடைய முறைப்பையும் கண்டிப்பையும் கண்டு பெண்கள் நடுங்கியதுண்டு. அதில் ஓரளவு கடுமை மிகுதி என்பதே என் எண்ணம். ஆனாலும் விட்டுப் போகாமல் நின்றவர்கள்தான் மிகுதி.

1990-இல் நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நிறைமாதக் கர்ப்பிணியாக, ஒரு பள்ளி மாணவியைத் தம் அணிக்கு அழைப்பதற்காகப் பென்சில்வேனியா சென்றிருந்தார். அந்த வீட்டில் இருக்கும்போதே வலி தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் விமானத்தை இறக்கலாமா என்று கேட்டதற்கு, அந்த ஆண்டு தம் அணியைத் தோற்கடித்த அணியின் மாநிலத்தில் பிள்ளை பெறமாட்டேன் என்று மறுத்து, தம் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில் நகருக்கு வந்து சேர்ந்த பிறகே மகனைப் பெற்றெடுத்தார். அந்த மாணவி முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் பிறகு இவரிடமே வந்து, 1996-இல் பட்டம் வென்ற அணியில் ஆடினாள்.

2011-இல், 59 வயதில், அல்சைமர் என்னும் மறதி நோய் அவருக்கு வந்திருப்பது தெரிந்தது. ஆயிரம் ஆட்டங்களின் நெளிவுசுளிவுகளை மனத்தில் வைத்திருந்தவருக்கு இந்த நோய் வந்ததை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனத்துவிடுகிறது. அவர் அதை மறைக்கவில்லை. ஆகஸ்டில் வெளிப்படையாக அறிவித்துவிட்டு, உதவியாளர்களின் துணையோடு இன்னும் ஒரு பருவம் முழுவதும் ஆட்டக்களத்தின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். 2016 ஜூனில், 64 வயதில் காலமானார்.

2012 ஏப்ரலில் பொறுப்பிலிருந்து விலகியபோது, முன்பு தம்மிடம் ஆடி, பிறகு 27 ஆண்டுகள் தமக்கு உதவியாளராக இருந்த ஹோலி வார்லிக்கின் கையில் ஒரு விசிலைக் கொடுத்தார். அந்தப் படம் கிடைத்தால் மகளுக்கு அனுப்பி வை. அவளுடைய அணியின் முதல் ஆட்டம் எந்தத் தேதியில் என்று எழுது. பார்க்க நான் வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி