பழனிக்கு, ஐட்லிங் விஷயமா

மாப்ள பழனி,

உன் மெயில் நேத்து ராத்திரிதான் படிச்சேன். இங்க பெங்களூருல எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஆனா காலைல கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்துடறாங்க. பெரியவ எலக்ட்ரானிக் சிட்டிலதான் வேலை பாக்குறா, முன்னாடிலாம் சில்க் போர்டு சிக்னல்ல மாட்டிட்டு வீடு வர ஒன்பது மணி ஆகும், 2025 ஆகஸ்ட்ல யெல்லோ லைன் மெட்ரோ விட்டதுக்கப்புறம் புள்ள நேரத்துக்கு வீட்டுக்கு வருது, சாப்பாடு ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம், அதுவே பெரிய நிம்மதிடா.

சரி, உன் ஹோண்டா சிட்டி வீடெக் கார் விஷயத்துக்கு வரேன். த்ராட்டில் பாடி (இஞ்சினுக்குக் காத்து போற வாய்) பெருசு போட்டு, ஹெடர் (இஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற பைப்) மாத்தி, கோன் ஃபில்டர் மாட்டி தம்பி ஆசையா பண்ணதுன்னு எழுதிருந்த, அப்புறம் ஐட்லிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காம இஞ்சின் சும்மா ஓடுறது) ஒரே சீரா நிக்கவே மாட்டேங்குது, டிபிஎஸ் (த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற சென்சார்) மாத்தியாச்சு, ஐட்லிங் வால்வு மாத்தியாச்சு, இப்ப இசியூ (இஞ்சின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) போயிடுச்சுன்னு சொல்றாங்கன்னு. படிச்சப்ப மனசு ஆறல. இசியூவ தயவுசெஞ்சு தொடாத. நீ எழுதினதுலயே ஒரு வரி இருக்கு, காலைல ஸ்டார்ட் பண்ணா 1500 ஆர்பிஎம்ல கம்முனு நிக்குது, நல்லா சூடானப்புறம்தான் 1000க்கும் 1800க்கும் நடுவுல ஏறி ஏறி இறங்குதுன்னு. எனக்கு அந்த ஒரு வரி போதும், இசியூ அதோட வேலைய சரியாத்தான் செய்யுது.

எப்படின்னு சொல்றேன் பாரு. ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தாச்சு, த்ராட்டில் மூடியிருக்கு, ஆனா வேற வழியா காத்து உள்ள போயிட்டே இருக்கு. உன் வண்டில காத்த அளக்குறது மேப் சென்சார், அது மேனிஃபோல்டு (த்ராட்டில் தாண்டி சிலிண்டருக்குக் காத்து போற பாதை) உள்ள இருக்குற பிரஷர மட்டும்தான் பாக்கும், காத்து எந்த வழியா வந்துச்சுன்னு அதுக்குத் தெரியாது, வந்த காத்துக்கு ஏத்த மாதிரி இசியூ பெட்ரோல ஊத்தும், ஆர்பிஎம் ஏறும். ஏறினதும் இசியூ என்ன பாக்குது, த்ராட்டில் மூடியிருக்கு ஆனா இஞ்சின் வேகமா சுத்துது, அப்ப வண்டி இறக்கத்துல போகுதுன்னு எடுத்துக்குது. ஏற்காட்டுல இருந்து கீழ இறங்கும்போது கியர்ல போட்டு கால எடுத்துட்டா பெட்ரோல் கட் ஆகுமே, அதே கணக்குதான். பெட்ரோல் நின்னதும் ஆர்பிஎம் விழும், 1000 கிட்ட வந்ததும் திரும்ப ஊத்தும், திரும்ப ஏறும். இஞ்சின் குளிரா இருக்கும்போது இந்த கட் பண்ற அளவு மேல இருக்கும், அதனாலதான் காலைல ஒண்ணும் தெரியல.

இப்ப காத்து எங்க இருந்து வருதுங்கறதுதான் கேள்வி. த்ராட்டில் பாடி மாத்துனப்ப அதுக்குக் கீழ போற ரெண்டு சின்ன கூலண்ட் ஹோஸ (இஞ்சின் சூட்ட எடுக்குற தண்ணி போற குழாய்) கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேத்து விட்டாங்களான்னு தம்பிகிட்ட கேளு. நிறைய பேர் பண்றாங்க, சுடுதண்ணி போனா உள்ள போற காத்து சூடாகி பவர் குறையும்னு சொல்லி. பனி விழற ஊர்ல த்ராட்டில் உறையாம இருக்கத்தான் அந்தத் தண்ணி, நமக்கெதுக்குன்னு கேப்பாங்க, கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா அந்தக் கால ஹோண்டா இஞ்சின் பலதுல அந்தத் தண்ணி ஒரு மெழுகு வால்வையும் சூடாக்குது. குளிர்ல மெழுகு சுருங்கி வால்வு திறந்திருக்கும், கூடுதல் காத்து போகும், சூடானா மெழுகு விரிஞ்சு வால்வ மூடிடும். தண்ணிய நிறுத்திட்டா அது ஒழுங்கா மூடாது. இதே மாதிரி ஒரு வண்டி வில்சன் கார்டன்ல நம்ம ஷெட்டுக்கு வந்துச்சு, ஜேசி ரோட்டுல பார்ட் பார்ட்டா வாங்கி மாத்திட்டு கடைசியா வந்தாரு அந்தப் பையன். இஞ்சின நல்லா சூடாக்கி, இன்டேக் பைப்ப கழட்டி, த்ராட்டில் பிளேட்டுக்கு முன்னாடி அடில அந்த மெழுகு வால்வுக்குக் காத்து போற ஓட்டைய கட்டைவிரலால அடைச்சேன், ஏறி இறங்குறது உடனே நின்னுடுச்சு. ஹோஸ பழையபடி மாட்டி, கூலண்ட்ல சிக்கின ஏர போக்கி குடுத்தோம், அவ்வளவுதான்.

ஏர் போக்குறத மட்டும் அவசரப்படாம பண்ணச் சொல்லு. இஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடிய திறந்து, ஹீட்டர ஃபுல் ஹாட்ல வெச்சு, ஃபேன் ரெண்டு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் ஓட விட்டு கூலண்ட் ஊத்திக்கிட்டே இருக்கணும். உள்ள ஏர் லாக் இருந்தா அந்த வால்வுக்கு சூடு போகாது, ஹோஸ் மாட்டியும் அதே தொல்லைதான். சூடா இருக்கும்போது மூடிய திறக்கவே கூடாது, தம்பிகிட்ட கண்டிச்சு சொல்லிடு.

விரல் வெச்சும் நிக்கலன்னா த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம், இஞ்சின் பக்கம் லீக். பெரிய த்ராட்டிலுக்குப் பழைய கேஸ்கட்டையே போட்டிருப்பாங்க, ஓட்டை ஓரம் சரியா உக்காந்திருக்காது. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (இஞ்சின் உள்ள சேர்ற ஆவிய திரும்ப இன்டேக்குக்கு இழுக்குற குழாய்) ஒவ்வொண்ணா துணி சுத்தி பிளையர்ல நசுக்கிப் பாக்கணும். லீக் தேட கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுப் பாக்குறேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிடு, ஹெடர் பக்கத்துல கொதிச்சுட்டு இருக்கும், தீப்பிடிச்சுடும், உள்ள புகைய விட்டு லீக் எங்கன்னு பாக்குற ஸ்மோக் டெஸ்ட் பண்ற இடத்துக்கு எடுத்துட்டுப் போங்க. த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவ யாராவது திருப்பிட்டாங்களான்னும் பாரு, த்ராட்டில் மூடினப்ப டிபிஎஸ் வோல்டேஜ் அரை வோல்ட் கிட்ட இருக்கணும்.

இன்னொண்ணு, வாக்குவம் கேஜ் (மேனிஃபோல்டு உள்ள இஞ்சின் இழுக்குற இழுப்ப காட்டுற மீட்டர்) வெச்சுப் பாத்தா புக்ல போட்ட 17லருந்து 22 இன்ச் கடல் மட்டத்துக்கான கணக்கு. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல, இங்க மூணு இன்ச் கம்மியாதான் காட்டும், நல்ல இஞ்சினையே இங்க வால்வு போச்சுன்னு பிரிச்சுப் போட்டத நான் பாத்திருக்கேன். உங்க சேலத்துல ஒரு இன்ச் போலத்தான் குறையும்.

எல்லாம் முடிஞ்சப்புறம் பேட்டரிய கொஞ்ச நேரம் கழட்டி மாட்டிட்டு, ஏசி லைட் எதுவும் போடாம ஐட்லிங்ல ஓட விடுங்க, இசியூ திரும்ப கத்துக்கும். ஹெடர் ஜாயின்ட்ல ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னாடி லீக் இருக்கான்னும் பாக்கணும், அந்த லீக்ல வெளிக்காத்து உள்ள போனா பெட்ரோல் கம்மின்னு நெனச்சு இசியூ கூட ஊத்தும், பிளக் கறுத்துடும்.

அந்த இஞ்சின் நல்ல இஞ்சின்டா, நல்லபடியா வெச்சுக்கிட்டா இன்னும் வருஷக்கணக்கா ஓடும். தம்பிய திட்டாத, ஆசைப்பட்டுப் பண்ணிருக்கான், இதெல்லாம் புரிஞ்சுக்கட்டும். ஹோஸ் ரெண்டும் எங்க போகுதுன்னு தெரியுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பச் சொல்லு, பாத்துட்டு நானே அவனுக்கு போன் பண்றேன். தங்கச்சிய கேட்டதா சொல்லு.

அன்புடன்,
குமரேசன்