அரிவாள் செல் ஆராய்ச்சியாளர்களுக்கு, அட்டப்பாடியிலிருந்து

வணக்கம்.

ஆனைகட்டி தாண்டி, சோலையூர் பக்கத்து ஊர்களுக்கு அரிவாள் செல் நோயை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகிற பரம்பரை ரத்த நோயை, ஆராய ரத்தம் எடுக்க வருகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், வருகிற விதம் மாறவில்லை. கேரளத்துக்குள் இருந்தாலும் எங்கள் வீட்டில் தமிழ்தான். இங்கே வாழும் பழங்குடிகளான இருளர் பேசுவதும் தமிழுக்கு நெருக்கமான மொழி. உங்கள் ஒப்புதல் படிவமோ ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் வருகிறது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்கிற கட்சி இல்லை நான். மலைக்கு அந்தப் பக்கம், நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்த நோய் 1952-லேயே பதிவாகிவிட்டது. அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதில் பாதி எலி இல்லாமல் தெரிந்திருக்காது. எலிக்கு இது தானாக வராது. ஹீமோகுளோபினை (சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் புரதம்) உருவாக்கும் அதனுடைய குளோபின் மரபணுக்களை முடக்கி, நோயை உண்டாக்கும் மனித மரபணுக்களை வைத்து, 1997-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் நோயுள்ள எலிகளை உருவாக்கின. 2011-ல் அப்படிப்பட்ட எலிகளில் கரு ஹீமோகுளோபினை அடக்கிவைக்கும் பி.சி.எல்.11ஏ என்ற மரபணுவை ரத்தம் உருவாகும் செல்களில் மட்டும் நிறுத்திப் பார்த்தார்கள். கருவில் இருக்கும்போது உருவாகிற ஹீமோகுளோபின் திரும்ப வந்தது, நோயின் அடையாளங்கள் அடங்கின. அதே மரபணுவைக் குறிவைக்கும் காஸ்ஜெவி என்ற கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சைக்கு 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி தந்தன. அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர் விலை. இங்கே அந்தத் தொகையைச் சொன்னால் சிரிப்பார்கள், சரி, அது வேறு கதை.

என் கேள்வி செல்லைப் பற்றியது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது, அது பெருகாது. நல்ல சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். இந்த நோயில் 10, 20 நாளில் உடைந்துவிடும். அதை வளர்த்து ஆராய முடியாது என்பதால் உங்களுக்கு ஸ்டெம் செல், அதாவது பெருகி மற்ற செல்களாக மாறக்கூடிய மூலச் செல், தேவைப்படுகிறது. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கலாம். அல்லது சாதாரண ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுவையே ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றிவிடலாம். அதாவது, கொடுத்தவர் இறந்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கக்கூடிய செல்வரிசை ஒன்றை ஒரு ஊசி ரத்தத்திலிருந்து உங்களால் உருவாக்க முடியும். "டெஸ்டுக்குக் கொஞ்சம் ரத்தம்" என்று சொல்லி வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணிடமிருந்து 1951-ல் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகமெங்கும் வளர்கின்றன. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே 20 ஆண்டுக்கு மேல் ஆனது. நீங்கள் படித்த கதைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ல் வெளியிட்ட நெறிமுறையும், பங்கேற்பவருக்குப் புரிகிற மொழியில் விளக்கத்தான் சொல்கிறது.

அப்புறம், எலிச் செய்தி. "அரிவாள் நோய்க்கு மருந்து" என்று தலைப்பு வரும். எலியிடம் பார்த்தது என்பது எட்டாவது வரியில் இருக்கும். கரு ஹீமோகுளோபின் நின்று பெரியவர்களுடையது தொடங்குகிற மாற்றம் எலியில் நம்மைப் போல நடப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும், செய்தி படிக்கிற தாய்க்குத் தெரியாது. எலியைத் தாண்டி மனிதருக்கு வந்த மருந்துகூட நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. ஹீமோகுளோபினை ஏற்றுகிறது என்று 2019-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வாக்ஸெலோட்டரை, 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். இங்கே இந்த நோய்க்கு ரொம்ப நாளாகத் தரும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை விடாமல் சாப்பிட வைப்பதே பெரும்பாடு. புது மருந்துதான் வருகிறதே என்று யாராவது அதை நிறுத்தினால், வலி வந்து துடிக்கப்போவது அந்த வீட்டுப் பிள்ளை.

அதனால் படிவத்தைத் தமிழில் கொண்டுவாருங்கள். இருளர் ஊர்களில் அவர்கள் மொழியிலேயே ஊர்த்தலைவரான மூப்பன் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். ரத்தம் எங்கே போகிறது, செல்வரிசை ஆகுமா, பின்னால் வேண்டாம் என்று சொன்னால் நிறுத்துவீர்களா என்று அதில் இருக்கட்டும். நோயா, வெறும் கடத்தியா (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவரா) என்ற முடிவை ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள். கல்யாணம் பேசும்போது இங்கே அது தேவைப்படுகிறது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தால் உட்கார்ந்து பேசலாம்.