சோழர் கடற்படையைப் பற்றிப் பேசுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

சோழர் கடற்படையைப் பற்றிக் காணொளி எடுப்பவர்கள், பதிவு எழுதுபவர்கள், மேடையில் பேசுபவர்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பள்ளியில் வரலாற்றுப் பாடம் என்றாலே கசந்த பலர் இன்று கடாரம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடுகிறார்கள் என்றால் அது உங்களால்தான். அதற்கு முதலில் நன்றி. அத்தனை பேரின் காதும் உங்கள் பக்கம் இருப்பதால் உங்களிடமே கேட்கிறேன்: கல்வெட்டில் இல்லாததைச் சேர்க்காதீர்கள், இருப்பதை விட்டுவிடாதீர்கள்.

எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். ராஜேந்திரன் ஆயிரம் கப்பலோடு போனான், லட்சம் வீரர்களோடு போனான் என்று ஆளுக்கொரு கணக்கு சுற்றிவருகிறது. 1025-இல் நடந்த அந்தப் படையெடுப்புக்கு நம்மிடம் இருக்கும் முதன்மையான சான்று அவனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளைப் பாடும் பகுதி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே அது இருக்கிறது. அலைகடல் நடுவே பல கலம் செலுத்திக் கடாரத்து அரசனைப் பிடித்ததாக அது சொல்கிறது. பல கலம், அவ்வளவுதான். எத்தனை என்று செதுக்கியவர் சொல்லவில்லை. அவர் சொல்லாத எண்ணை நாம் எங்கிருந்து கொண்டுவருவது?

சோழக் கடற்படையின் பிரிவுகள், தளபதிப் பதவிகள் என்று சொல்லி, இன்றைய கடற்படைப் பதவிகளோடு பொருத்திப் போடும் அட்டவணைகளும் அப்படித்தான். எந்த ஊர்க் கல்வெட்டு என்று கேட்டால் பதில் வருவதில்லை. வங்கக்கடலைச் சோழர் ஏரி என்று அன்றைய உலகமே அழைத்தது என்கிறார்கள். அது பிற்கால வரலாற்று நூல்களின் வர்ணனை. நீங்கள் போடும் கப்பல் படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இது சோழர் போர்க்கப்பல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு பலகைகூட இதுவரை கடலடியிலோ கரையிலோ கிடைக்கவில்லை. படத்தின் கீழே 'கற்பனை ஓவியம்' என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் போதும்.

இதையெல்லாம் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். மிஞ்சுவதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அந்த மெய்க்கீர்த்தி 13 இடங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. ஸ்ரீவிஜயம் சுமத்ராவின் தென்பகுதி. இலாமுரிதேசம் அதே தீவின் வடமுனை. கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. தலைத்தக்கோலம் தாய்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டியது என்று கருதப்படுகிறது. நக்கவாரம் நிக்கோபார். வரைபடத்தில் இவற்றைத் தொட்டுப் பாருங்கள். மலாக்கா நீரிணையின் இரு கரையும், அதன் வாசலில் இருக்கும் தீவுகளும் அதில் வந்துவிடும். இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே போன கப்பல்களில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பட்டியலை எழுதியவருக்குக் கடல் வாணிபத்தின் கழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

அப்புறம் காற்று. பாய்மரக் காலத்தில் வங்கக்கடலைக் கடந்து கிழக்கே போகத் தென்மேற்குப் பருவக்காற்று வேண்டும், திரும்பி வர வடகிழக்குக் காற்று வேண்டும். இடையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதாவது ஒரு படையைக் கடல் தாண்டி அனுப்புவது என்றால், காற்று திரும்பும்வரை அதற்கு அரிசி, குடிநீர், பழுது பார்க்க மரம், கயிறு, வழி தெரிந்த மாலுமி எல்லாம் அந்நியக் கரையில் கிடைக்க வேண்டும். வாளும் வேலும் எடுத்துப் போவது இதில் சின்ன வேலை. இவ்வளவையும் ஏற்பாடு செய்ய முடிந்தது எப்படி என்று ஒரே ஒரு காணொளியாவது செய்யுங்கள். கப்பல் எண்ணிக்கையை விட அதைக் கேட்க ஆள் அதிகம் இருக்கும் என்று நம்புகிறேன்.

அதற்கான விடையின் பெரும்பகுதி வணிகர்களிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். ராஜேந்திரனுக்குச் சுமார் இருநூறு ஆண்டு முன்பே தாய்லாந்தின் தகுவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அங்கே வெட்டிய அவனிநாரணம் என்ற குளத்தை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்டதாக அது சொல்கிறது. சுமத்ராவின் பாருஸில் 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்த தமிழ்க் கல்வெட்டு, அங்கே வரும் மரக்கலத்தார் பொன்னாகக் கட்ட வேண்டிய கட்டணத்தைப் பேசுகிறது. சீனாவின் சுவான்சௌ நகரில் 1281 என்று ஆண்டு குறித்த தமிழ்க் கல்வெட்டும் சிவன் கோயிலின் சிற்பங்களும் கிடைத்திருக்கின்றன. சோழ அரசே 1279-இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அங்கே தமிழ் வணிகர் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். படை போய்த் திரும்பியது, இவர்களோ பல நூற்றாண்டு அங்கேயே இருந்தார்கள். கடலாட்சி என்ற மரத்துக்கு வேர் இவர்கள்தான். உங்கள் பதிவுகளில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசை வெறும் எதிரியாகக் காட்டுவதையும் கொஞ்சம் யோசியுங்கள். ராஜராஜன் காலத்தில் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டியவர்கள் அந்த அரசர்கள்தான். சைவனான ராஜராஜன் அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே கொடுத்தான். இருபதாண்டு கழித்துப் படை போனது. வாணிபப் போட்டியா, நீரிணையில் தொல்லையா, கொள்ளைப் பொருளா, வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் 1090-இல் குலோத்துங்கன் அவைக்குக் கடாரத்துத் தூதர்கள் வந்து அதே விகாரத்துக்குச் சலுகை வாங்கிப் போனார்கள் என்று செப்பேடு சொல்கிறது. நட்பு, போர், மறுபடி நட்பு. வெற்றி என்ற ஒரே சொல்லில் இதை அடைத்தால் பாதிக்கு மேல் வெளியே நின்றுவிடும். அந்த விகாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பழைய கோபுரம் நாகப்பட்டினத்தில் 1867 வரை நின்றிருந்தது. பாதிரியார்கள் ஆங்கில அரசின் அனுமதி பெற்று அதை இடித்தார்கள். இடித்துவிட்டார்கள் என்று எழுதும்போதே எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சரி, சோழருக்குப் பிறகு? இங்கேதான் உங்களோடு எனக்குப் பெரிய மனத்தாங்கல். கதை 1025-இல் நின்றுவிடுகிறது. கடலை எப்படித் தொலைத்தோம் என்று யாரும் பேசுவதில்லை. நம் வணிகர்கள் கடலை விட்டுவிடவில்லை. அவர்களுக்குப் பின்னால் கடலில் நிற்கும் அரசுதான் இல்லாமல் போனது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்காத கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். நம் கரையை ஒட்டிய கடலிலேயே நாம் இன்னொருவரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தரங்கம்பாடிக்கு 1620-இல் டேனிஷ்காரர்கள் வந்தார்கள். சோழர்களின் பெரிய துறைமுகமான நாகப்பட்டினம் போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் டச்சுக்காரருக்கும், 1781-இல் ஆங்கிலேயருக்கும் கைமாறியது. ஒருமுறைகூட அது நம் கைக்கு வரவில்லை.

1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இந்த இழப்பின் நடுவில்தான். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சொந்தக் கப்பல் ஓட்டுவது என்பது அன்று அரசுக்கு எதிரான செயலுக்குச் சமம். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். 1911-க்குள் கம்பெனியே கலைந்துவிட்டது. சோழர் கடற்படை என்று பேசும் வாயால் இந்தப் பெயரையும் சொல்ல வேண்டாமா?

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற கடற்படைச் சைகைப் பயிற்சி நிலையத்தில் மோசமான உணவுக்கும் இனவெறி ஏச்சுக்கும் எதிராகச் சாதாரண மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சில நாளில் அது 78 கப்பல்களுக்கும் சுமார் 20,000 பேருக்கும் பரவியது. கராச்சியில் இந்துஸ்தான் கப்பலிலிருந்து பீரங்கி முழங்கியது. காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகள் ஒரே பாய்மரக் கம்பத்தில் ஏறின. பட்டேல் பேசிச் சரணடையச் செய்தார். இதனால் வேலை இழந்தவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தானின் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை. விடுதலைக்குப் பிறகும் 1958 வரை நம் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். அந்த ஆண்டு ஏப்ரலில் முதல் இந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்ற ராம் தாஸ் கடாரி செங்கல்பட்டில் பிறந்தவர்.

1971 போரில் கிழக்குக் கடற்படையை நடத்திய வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவில்காரர். அவரிடம் இருந்த விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்துக்குக் கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி வந்தது பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி. கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ராஜ்புத் என்ற பழைய கப்பலிலிருந்து வானொலிச் செய்திகள் போகச் செய்தார். காஸி அங்கேதான் வந்தது, டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி அங்கேயே மூழ்கியது. ராஜ்புத் வீசிய குண்டால் என்கிறது இந்தியா. உள்ளே வெடித்தது என்கிறது பாகிஸ்தான். எப்படியானாலும், கையிலிருந்த பழுதுபட்ட கப்பலைக் காப்பாற்றிப் போரிலும் பயன்படுத்திய அந்த அறிவு பாராட்டத்தக்கது. இதற்கு ஆவணம் இருக்கிறது, சாட்சிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். கற்பனையே தேவையில்லை.

ராஜேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை ஆண்டுதோறும் வருகிறது, அன்று நீங்கள் எல்லோரும் எழுதுவீர்கள். இந்த முறை மெய்க்கீர்த்தியின் அந்தப் பகுதியை முழுவதுமாக, எந்தக் கோயில், எந்த ஆட்சியாண்டு என்ற குறிப்போடு போடுங்கள். பக்கத்தில் பாருஸ் கல்வெட்டின் படத்தை வையுங்கள். பிப்ரவரி 18 வரும்போது தல்வார் மாலுமிகளைப் பற்றியும் எழுதுங்கள். உங்களில் யாராவது ஒருவர் முன்வந்தால், கல்வெட்டுப் பாடங்களைத் தேடி எடுத்துச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையை நான் செய்யத் தயார்.

அன்புடன்,
கடல் வரலாற்றை வாசிக்கும் ஒருவன்