ஏரிக்கரை நடுகல்லுக்கு பெயிண்ட் அடிக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பர்கூர் பக்கம் ஜெகதேவியில இருந்து எழுதறேன். எங்க ஊர் ஏரிக்கரையில இருக்கற நடுகல்லுக்கு, அதான் செத்த வீரனுக்கு நட்டு வச்ச பழைய கல்லு, பெயிண்ட் அடிச்சுட்டாங்க, அத பத்திதான் சொல்ல வந்தேன். 26 வருஷமா கிரானைட் வேலைதான், மொதல்ல குவாரியில உளி புடிச்சேன், இப்ப பாலிஷ் பட்டறையில இருக்கேன். மக இங்கிலாந்துல ஹெரிஃபோர்டுங்கற ஊர்ல நர்ஸா இருக்குது, பேரன் பொறந்தான்னு நானும் வீட்டுக்காரம்மாவும் போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வந்தோம். அங்க ஒரு நாள் மருமகன், மாமா உங்களுக்கு கல்லுன்னா உசுரு, வாங்க ஒரு எடம் காட்டறேன்னு கார்ல கூட்டிட்டு போனாரு. கில்பெக்னு ஒரு குக்கிராமம், நாலு வீடு, ஆட்டு மேய்ச்சல், பக்கத்துல இடிஞ்ச ஒரு பழைய கோட்டை மேடு, நடுவுல சின்னதா ஒரு சர்ச். நம்மூர் மாரியம்மன் கோயில விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். ஆனா கட்டினது 1140 வாக்குல. நம்ம பக்கம் சோழர் ஆட்சி நடந்துட்டிருந்த காலம், நெனச்சு பாருங்க.

முழுக்க சிவப்பு மணல்கல்லு. நம்ம கருங்கல்லு மாதிரி கெட்டி கெடயாது, கைல எடுத்து பொளிஞ்சா நல்லா வளஞ்சு குடுக்கற கல்லு, அதனாலயே சீக்கிரம் கரைஞ்சு போயிருக்கணும், ஆனா போகல. உள்ள அமைப்பு மூணு பகுதி, ஜனங்க உக்கார்ற நீள மண்டபம், அடுத்து கொஞ்சம் குறுகலா பாதிரியார் நிக்கற எடம், கடைசியில பூஜை மேடை இருக்கற எடம் அரைவட்டமா முடியுது, நம்ம தூங்கானை மாடம்னு சொல்றோமே பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளஞ்சிருக்கும், எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. சுவரு நல்ல தடிமன். வாசல் எல்லாம் அரைவட்ட வளைவு. நம்ம ஆளுங்க தூணு மேல உத்திரம் போட்டு முடிப்பாங்க, கருங்கல்லு அந்த பாரத்த தாங்கும், மணல்கல்லு அவ்வளவு நீளத்துக்கு தாங்காது, அதனால ஆப்பு மாதிரி செதுக்கின கல்ல ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வளைவா நிறுத்தியிருக்காங்க.

தெக்கு வாசல்ல நான் அரை மணி நேரத்துக்கு மேல நின்னேன். வளைவு மேல வரிசையா பறவை, மீனு, மிருகம், அதுக்கு நடுவுல முகம். பக்கத்து தூணுல பாம்புங்க ஒண்ணோட வால ஒண்ணு முழுங்கிட்டு மேல இருந்து கீழ வரைக்கும் போகுது, இன்னொரு தூணுல கொடிக்குள்ள சிக்கிக்கிட்ட மாதிரி ரெண்டு போர்வீரங்க, மேல நடுவுல திராட்சைக் கொடி மாதிரி ஒரு மரம். தொடல, மூக்க கிட்ட கொண்டு போய் பாத்தேன், அந்த பாம்பு செதில் வரைக்கும் தெரியுது. 880 வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் உளி வச்ச எடம்ங்க அது, அவன் பேரு யாருக்கும் தெரியாது, ஆனா கை தெரியுது.

கூரைக்கு கீழ சுத்திலும் கல்லு தாங்கிங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு தலையோ உருவமோ. 91 இருந்துச்சாம், 85 இன்னும் இருக்குது. நம்ம கோயில்ல கொடுங்கைக்கு, அதான் வெளிய நீட்டிக்கிட்டு வளஞ்சிருக்கற கல்லு கூரை விளிம்புக்கு, கீழ பூதவரி ஓடுமே, குட்டி குட்டி பூதம் மத்தளம் அடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டு, அப்படியே அதே எடம் அதே வேலை. அங்க பிடில் வாசிக்கறவன் ஒருத்தன், செம்மறி ஆடு, வாய் கட்டின கரடி. எனக்கு மனசுல நின்னது நாயும் முயலும், ரெண்டும் ஒரே கல்லுல ஒட்டி உக்காந்திருக்கு, நாய்க்கு தொங்கற காது, உருண்டைக் கண்ணு, வேட்டை நாய்ங்கற பயமே இல்லாம அது கூட முயலு. பேரனுக்கு காட்டினா சிரிப்பான். அத பாக்கும்போது செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு, பல்லவ ராஜா மகேந்திரவர்மன் காலத்து கல்லு, வீரன் பக்கத்துல அவன் நாயும் நிக்கும், கோவிவன்னு அந்த நாய் பேரையும் கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. அதுவும் இதுக்கு 500 வருஷம் முன்னாடியே.

இப்ப நான் சொல்ல வந்தது. அந்த சர்ச்சுல காவல் இல்ல, டிக்கெட் இல்ல, கதவு தெறந்தே இருந்துச்சு, உள்ள ஒரு உண்டியல், சின்ன புத்தகம் விலை போட்டு வச்சிருக்கு, எடுத்துட்டு காசு போட்டுட்டு வரணும். இன்னைக்கும் பூஜை நடக்குது. கல்லு மேல ஒரு சொட்டு பெயிண்ட் இல்ல. அங்க இருந்த வயசான ஒரு ஐயா சர்ச்ச பாத்துக்கறவரு, மருமகன் மூலமா கேட்டேன். இங்கிலாந்து திருச்சபை சர்ச்சுங்கள 5 வருஷத்துக்கு ஒரு தடவை கட்டடம் தெரிஞ்சவங்க வந்து பாத்து ரிப்போர்ட் குடுக்கணும்னு 1955லயே சட்டம் வந்துடுச்சாம். பழைய மணல்கல்லு சுவத்துக்கு சிமெண்ட் பூசக்கூடாது, சுண்ணாம்புச் சாந்துதான், ஏன்னா சிமெண்ட் ஈரத்த உள்ளயே அடைச்சு வச்சு கல்ல உதிர வச்சிடும்னாரு. அத கேட்டு எனக்கு ஒரே சந்தோசம், எங்க தாத்தா காலத்துல நம்ம கொத்தனாருங்களும் இதயேதான் சொன்னாங்க. கல்லறைக்கு எங்க ஊர் பாலிஷ் கறுப்பு கிரானைட் வைப்பீங்களான்னும் கேட்டேன், சர்ச் வளாகத்துல பெரும்பாலும் அனுமதி இல்ல, சுத்தி இருக்கற கல்லோட சேராதுன்னாரு. அதுல வயிறு பொழைக்கறவன் நான், மொதல்ல சுருக்குனு இருந்துச்சு, அப்புறம் அந்த சிவப்பு சுவத்த திரும்ப பாத்தேன், அவரு சொன்னது சரிதான்.

திரும்பி ஊருக்கு வந்து ஏரிக்கரை பக்கம் போனா எங்க நடுகல்லுக்கு சில்வர் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க. மாடு மீட்க போய் செத்தவன் கல்லு, வில்லு புடிச்ச கை, மேல ரெண்டு வரி எழுத்து, எழுத்து குழி எல்லாம் பெயிண்ட் போய் அடைஞ்சிருக்கு. பக்தியில செஞ்சதுதான், யாரையும் திட்டல. ஆனா கூடவே பக்கத்து ஊர் கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு மணல் வீச்சு மிஷின் போட்டு கல்ல பளபளன்னு ஆக்கினாங்க, கோயில்ல அது கூடாதுன்னு தடையே இருக்கு, பூதவரியில பாதி பூதத்துக்கு மூக்கு இல்ல இப்ப. நான் கல்லு தொழிலாளி, சொல்றேன், மணல் அடிச்சா அழுக்கு மட்டும் போறதில்ல, சிற்பி கடைசியா உளி வச்ச மேல்தோலே போயிடும், அது திரும்ப வராது. அழுக்குக்கு தண்ணியும் நார் பிரஷ்ஷும் பொறுமையும் போதும். ஏற்கனவே அடிச்ச பெயிண்ட எடுக்க மட்டும் நீங்களா தின்னர் வாங்கி ஊத்தாதீங்க, தொல்லியல் தெரிஞ்சவங்கள கேளுங்க.

தருமபுரி அருங்காட்சியகத்துல அத்தனை நடுகல்லு வரிசையா இருக்கு, எத்தன பேரு உள்ள போய் பாத்திருப்பாங்க? அதியமான்கோட்டை சென்னராயப் பெருமாள் கோயில்ல மேல்கூரை ஓவியம் இருக்கு, பஸ்ல தாண்டிதான் போறோம். உங்க பேப்பர்ல தருமபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல வாரம் ஒரு நடுகல்லு, ஒரு போட்டோ, அது எந்த ஊரு, கல்லுல என்ன எழுதியிருக்கு, இவ்வளவு போட்டா போதும், அந்தந்த ஊர் பசங்களே போய் நின்னு பாப்பாங்க. எங்க ஊர் கல்லுல பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி நான் எடுத்த ரெண்டு போட்டோ செல்போன்ல இருக்கு, எழுத்து நல்லா தெரியுது. கேட்டீங்கன்னா அனுப்பறேன்.

இப்படிக்கு,
ஒரு கிரானைட் தொழிலாளி,
ஜெகதேவி, கிருஷ்ணகிரி மாவட்டம்